சென்டர் ஃபீல்டில் பந்தைப் பிடிக்க: முதல் ஒன்றரை நொடி

பேஸ்பால் ஆட்டக்காரர் கெவின் கியர்மையரை 2010-ல் புது ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் டாம்பா பே ரேஸ் அணி எடுத்தது 31-ஆவது சுற்றில். பேட்டிங்கில் பெரிய பெயர் இல்லாத அவர் சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிமைதானத்தின் நடுப்பகுதியில், காட்டிய தடுப்பாட்டத்துக்காக 2015, 2016, 2019, 2023 என நான்கு முறை, சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதை வாங்கினார். இப்படிப்பட்டவர்கள் பாய்ந்து பிடிப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கற்க வேண்டியது அதற்கு முன்னால் நடப்பதை. ஆட்டத்தைக் கருவிகளால் அளக்கும் ஸ்டாட்காஸ்ட்கூட அவுட்ஃபீல்டரின் (வெளிமைதானத்தில் நிற்பவரின்) முதல் மூன்று நொடிகளைத்தான் பிரித்துப் பார்க்கிறது: முதல் ஒன்றரை நொடியில் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினார், அடுத்த ஒன்றரை நொடியில் எவ்வளவு வேகம் எடுத்தார், சரியான பாதையில் ஓடினாரா.

பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) பந்தை விடும்போது கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்குங்கள். பந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டை நெருங்கும்போது ஒரு சின்னத் துள்ளல். பேட் பந்தைத் தொடும் கணத்தில் இரு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். துள்ளல் பிந்தினால் பந்து கிளம்பும்போது நீங்கள் காற்றில் இருப்பீர்கள். எந்தப் பக்கமும் தள்ளிப் புறப்பட முடியாது.

பந்து வலத் தோளுக்கு மேலாகப் பின்னால் போகிறதா? வலது காலைப் பின்னுக்குத் திறந்து வையுங்கள், இடுப்பு திரும்பட்டும், இடது கால் அதைத் தாண்டி வரட்டும். இடப் பக்கம் என்றால் கால்கள் மாறும். பந்தைப் பார்த்தபடியே பின்நடை போடவே கூடாது. வேகம் பாதியாகிவிடும், குதிகால் தடுக்கி மல்லாக்க விழுவதும் உண்டு. ஓடும்போது கிளவை நீட்டிக்கொண்டு ஓடாமல் இரு கைகளையும் வீசி, முன்பாதத்தில் ஓடுங்கள். குதிகால் தரையில் அடித்தால் தலை குலுங்கும், பந்து கண்ணில் ஆடும்.

எல்லாவற்றிலும் கடினமானது தலைக்கு நேராக வரும் தட்டையான அடி. பக்கவாட்டில் அசைவு தெரியாததால் தூரம் பிடிபடாது. பழகாதவர் முன்னால் ஓடிவிடுவார், பந்து தலைக்கு மேல் போகும். முன்னால் விழும் பந்து பெரும்பாலும் ஒரு பேஸோடு (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய நிலைகளில் ஒன்றோடு) முடியும். தாண்டிய பந்து இரண்டு மூன்று பேஸ் கொடுக்கும். எனவே சந்தேகம் வந்தால் முதல் காலைப் பின்னால் வையுங்கள். 1998 முதல் 2007 வரை தொடர்ந்து பத்து கோல்ட் கிளவ் வாங்கிய ஆண்ட்ரூ ஜோன்ஸ் வழக்கத்தைவிட முன்னால் நின்றே ஆடினார். பின்னால் போகும் பந்தை எட்டிவிடலாம் என்ற உறுதி இருப்பவருக்குத்தான் அந்த இடம்.

இடது, வலது ஃபீல்டுக்குப் போகும் பந்துகள் பெரும்பாலும் மைதானத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டை நோக்கி வளையும். பாதையை வகுக்கும்போதே கோட்டுப் பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேஸில் நிற்கும் ரன்னர், பந்து பிடிபட்டதும் ஓடக் காத்திருந்தால் பந்து விழும் இடத்துக்கு இரண்டு மூன்று எட்டு பின்னால் போய் நின்று, முன்னேறி வந்தபடியே எறியும் தோள் பக்கம் பிடியுங்கள். விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைத்து, ஒரு துள்ளலோடு கையை மேலிருந்து இறக்கி எறியுங்கள். பக்கவாட்டில் எறிந்தால் பந்து வளைந்து விலகும். எறி கட்ஆஃப் ஆட்டக்காரரின் (இடையில் நின்று எறியை வாங்கி மாற்றுபவரின்) தலை உயரத்தில் போகட்டும். அவர் கைக்கு எட்டாத உயரத்தில் போனால், பின்னால் இருக்கும் ரன்னர் சும்மா ஒரு பேஸ் எடுத்துவிடுவார்.

இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடினால் சென்டர் ஃபீல்டருக்கே முன்னுரிமை. பந்து இறங்கத் தொடங்கியதும் உரக்கக் குரல் கொடுங்கள். அதற்கு முன் கூவினால் காற்று பந்தை நகர்த்திவிடலாம், கூவியவர் எட்ட முடியாமல் நிற்பார்.

சுவரை ஆட்டத்துக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிய புல்லில்லாத பாதையான வார்னிங் டிராக் பொதுவாகச் சுமார் 15 அடி அகலம். புல்வெளி முடியும் இடத்திலிருந்து சுவர் வரை உங்கள் ஓட்டத்தில் எத்தனை எட்டு என்று ஓடிப் பார்த்து எண்ணுங்கள். முதலில் சுவரை அடைந்து, வெறுங்கையால் தொட்டு உணர்ந்து, பிறகு எம்புங்கள். ஓடிக்கொண்டே எம்பினால் தோளும் முழங்காலும் அடிபடும்.

பயிற்சிக்கு ஃபங்கோ மட்டையால் (ஃபீல்டிங் பயிற்சிக்கான லேசான மட்டையால்) அடிக்கும் பந்து மட்டும் போதாது. அது எங்கே வரும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. பேட்டிங் பயிற்சி நடக்கும்போது உங்கள் இடத்தில் நின்று, ஆட்டத்தில் போலவே ஒவ்வொரு பந்துக்கும் துள்ளி, முதல் மூன்று எட்டு முழு வேகத்தில் ஓடுங்கள். பிடிக்க முடியாத பந்துக்கும் அந்த மூன்று எட்டு உண்டு.