கம்பியை எடுத்துவிட்டுக் குழாய் மாட்டும்போது

டர்பனின் உப்புக் காற்றில் மெல்லிய செம்புக் கம்பி பச்சை பூத்து இற்றுப்போகும். எங்கள் மாமா கீசர் வேலையில் மிஞ்சிய 15 மில்லிமீட்டர் செம்புக் குழாயைப் பழைய கம்பியின் அளவுக்கே அறுத்து, 145 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு ஒரு டைபோல் ஆண்டெனா, அதாவது நடுவில் பிரிந்த இரண்டு கைகள் கொண்ட ஆண்டெனா, செய்தார். ஆண்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்று காட்டும் மீட்டரை வைத்தால், 142-க்குப் பக்கத்தில்தான் அது ஒத்திசைந்தது.

“தடித்த உலோகத்தில் அலை மெதுவாகப் போகுது” என்றார் மாமா. பலரும் சொல்லும் காரணம் இதுதான், ஆனால் இதுதான் முதல் தவறு. காற்றில் தொங்கும் வெறும் கம்பியானாலும் குழாயானாலும், அலை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில்தான் ஓடுகிறது. தடிமன் கூடும்போது மின்தூண்டல் குறைகிறது, மின்தேக்கம் கூடுகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடும்.

பிறகு ஏன் நீளத்தைக் குறைக்க வேண்டும்? சரியாக அரை அலைநீளம் உள்ள டைபோலில் 73 ஓம் மின்தடையோடு சுமார் 42 ஓம் மின்தூண்டல் மறுப்பும் (மின்னோட்டத்தை மின்னழுத்தத்துக்குப் பின்தங்க வைக்கும் எதிர்ப்பு) நிற்கும். இந்த மறுப்பு பூஜ்யமானால்தான் ஒத்திசைவு, அதைப் போக்கத்தான் நுனியை வெட்டுகிறோம். மெல்லிய கம்பியில் நீளம் கொஞ்சம் மாறினாலே இந்த மறுப்பு சட்டென மாறும், அதனால் சிறிது வெட்டினால் போதும். தடித்த குழாயில் அது மெதுவாகத்தான் மாறும், ஆகவே கூடுதலாக வெட்ட வேண்டும். தடித்த ஆண்டெனா அகலமான அலைவரிசையைத் தாங்குவதும் இதனால்தான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

145-க்கு அரை அலைநீளம் 103.4 சென்டிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கம்பிக்கு ஒத்திசையும் நீளம் தோராயமாக 99.5 வரும், மாமாவின் குழாய்க்கு 97.5. எந்தக் கம்பியானாலும் அரை அலைநீளத்தை 0.95-ஆல் பெருக்கும் பழக்கம் ஆரம்பத்துக்குச் சரி, முடிவுக்கு ஆகாது. ஆண்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் 0.66 பங்கில்தான் ஓடும்; அந்த எண்ணை ஆண்டெனாக் கைகளுக்குப் போடவே கூடாது, அது கேபிளுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கின் கணக்கு. உண்மையில் அலையைத் தாமதப்படுத்துவது கம்பிமேல் இருக்கும் பிவிசி உறைதான். அதை உரித்தாலோ புதிதாகப் போட்டாலோ மறுபடி அளந்தாக வேண்டும்.

அப்புறம், உள்ளே நிறைந்த தடித்த செம்புக் கம்பியைத் தேடி அலைய வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. குழாயே போதும்.

மாமா ஆண்டெனாவைக் கம்பத்தில் ஏற்றி, அந்த உயரத்திலேயே அளந்து, இரண்டு கையிலும் சமமாக அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக அறுத்தார். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போனதும் மீட்டர் 145-இல் வந்து நின்றது.