உங்கள் வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள்? கணக்கு எடுக்கும் விதம்

ஈரோடு மாவட்டத்தில் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் அவ்வப்போது யாராவது வீடு தேடி வருகிறார்கள். "ஏனுங்க, டிரஸ்ட்ல குழந்தைங்களுக்கு ஒரு கேம்ப் போடலாம்னு இருக்கறோம். டேட்டா எங்கீங்க கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது: எந்த வயசுக் குழந்தை, எந்த ஊர் வரைக்கும்? இதற்குப் பதில் இல்லாமல் தேட ஆரம்பித்தால் கை நிறையக் காகிதம் சேரும், கணக்கு சேராது.

முதலில் தலை எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராம வாரியாக 0–6 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது, இணையத்தில் இலவசம். ஆனால் பழசு. 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பு 2027 என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளை இன்றைக்கு ஓட்டுப் போடுகிறது. ஆகவே மொத்த மக்கள்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு பிறப்பு விகிதத்தால் பெருக்குங்கள். தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் பிறப்பு இறப்பை எண்ணும் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு 13.8 பிறப்பு. சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர் என்பது வரையறை. பெருக்கினால் வருடம் 414 குழந்தைகள். அதே கணக்கில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. ஐந்தாறு கழித்தால் 408. எடை மெஷின் வாங்குவதோ தடுப்பூசிக்கு ஆள் போடுவதோ, இந்த நானூற்றுச் சொச்சம்தான் அளவுகோல். அந்த நிலையத்தில் வருடத்துக்கு 900 கைக்குழந்தை வந்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

அப்புறம் தேசியக் குடும்ப நல ஆய்வு. ஐந்தாவது சுற்று (2019–21) மாவட்டவாரி அறிக்கையாகவே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 6–59 மாதக் குழந்தைகளில் இரத்தசோகை முந்தைய சுற்றில் 50.7 சதவீதம், இதில் 57.4. முழுத் தடுப்பூசி 69.7இலிருந்து 89.2க்கு ஏறியிருக்கிறது. ஊசி போய்ச் சேர்ந்த வீட்டுக்கு இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று இதை நான் படிக்கிறேன். முகாம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மாநிலம் முழுக்க ஏறக்குறைய 28,000 வீடுகளில், 32 மாவட்டங்களுக்குப் பிரித்து எடுத்தது. மாவட்டத்துக்கு ஆயிரம் வீடுகூடத் தேறாது. அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால், 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துச் சொன்னது என்று அர்த்தம். அதை வைத்து ஊராட்சி ஒன்றிய அளவில் திட்டம் போடாதீர்கள்.

பிறப்புப் பதிவேட்டில் இன்னொரு சிக்கல். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவாகும், தாய் வசிக்கும் ஊரில் அல்ல. அதனால் கோவை மாநகரப் பதிவில் ஊரெல்லாம் சேர்ந்த பிள்ளைகள் இருக்கும். தாளவாடிப் பெண் சாம்ராஜ்நகரில் பெற்றால் அது கர்நாடகக் கணக்கு. எச்.எம்.ஐ.எஸ். என்ற அரசு சுகாதார இணையதளத்தில் ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் ஏற்றும் கணக்கும் அப்படித்தான். அது குழந்தையை எண்ணுவதில்லை, அந்த இடத்தில் நடந்த வேலையை எண்ணுகிறது.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரத் தடுப்பூசி தொடர்ந்து குறைந்தது. நர்ஸம்மா வேலை பார்க்கவில்லை என்கிற தொனியில் அறிக்கை எழுதிவிட்டேன். அவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். "சார், தலைப் பிரசவத்துக்குப் பொண்ணுங்க தாய்வீட்டுக்குப் போயிருக்குது. மூணு மாசம் கழிச்சுத்தான் வரும். பிக்மி நம்பரைப் போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தோம். ஊசியெல்லாம் வேறு ஊர்களில் போட்டாகியிருந்தது. கர்ப்பம் பதியும்போதே கொடுக்கும் பிக்மி எண் தாயோடு போகும்; சுகாதார நிலையத்தின் கணக்கு போகாது. அன்றிலிருந்து நர்ஸம்மாவிடம் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

உண்மையான வேலை இரண்டு நோட்டுகளை ஒன்றாக விரிப்பதில் இருக்கிறது: கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, பால்வாடி டீச்சரின் குடும்பக் கணக்கெடுப்பு நோட்டு. ஒரு தடவை கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு ஊரில், ஐந்து வயதுக்குள் டீச்சர் நோட்டில் 46 பேர், நர்ஸம்மா பதிவில் 38. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தெருத் தெருவாகப் பெயர் சொல்லி டிக் அடித்தார்கள். மிஞ்சிய எட்டுப் பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்: கரும்பாலைக் கொட்டாயில், வெல்லம் காய்ச்ச வந்த வெளியூர்க் குடும்பங்கள். டீச்சர் முட்டை கொடுக்கப் போனபோது எழுதி வைத்திருந்தார். நர்ஸம்மா பட்டியலில் அந்தக் கொட்டாய் தோட்டத்துக்காரர் பேரில் ஒரே வீடாக இருந்தது. திருப்பூர், பல்லடம் பக்கம் போனால் மில் குவார்ட்டர்ஸில் இதே கதை. இரண்டு நோட்டும் ஒத்துப்போனால் சந்தோஷம்; ஒத்துப்போகாத வரிகளைத்தான் முதலில் பாருங்கள். பெயரையும் செல்போன் எண்ணையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். தெருவும் எண்ணிக்கையும் போதும்.

யாரை எப்போது பார்ப்பது என்றால், புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். பால்வாடிக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் போங்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனால் எல்லாரும் பேசுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருப்பது கடைசி வழி.

ஏற்கெனவே இருக்கும் வசதியையும் எழுதுங்கள். குழந்தைகளைப் பரிசோதிக்க ஊர் ஊராக வரும் அரசு மருத்துவக் குழுவின் ஆர்.பி.எஸ்.கே. வண்டி பால்வாடிக்கு வருடம் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வர வேண்டும். அதன் பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்கினால், உங்கள் முகாம் அதே வாரத்தில் அதே ஊரில் போய் விழாது. இருதயக் கோளாறு, காது கேளாமை என்று அவர்கள் எழுதி அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கான மாவட்ட மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் காசு போட வேண்டிய இடம் பெரும்பாலும் அங்கேதான், பஸ் செலவுக்கு.

இதையெல்லாம் ஊர்வாரியாக எழுதும் அட்டவணையில் கடைசிக் கட்டமாகப் பயண நேரம் போடுங்கள், கிலோமீட்டர் வேண்டாம். சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. கைக்குழந்தையோடு ஒரு தடவை பஸ்ஸில் போய் வந்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.