ஹெட்போனையும் ஆம்பையும் வீட்டிலேயே ஒப்பிடுவது எப்படி

முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. இதைச் செய்யாமல் இரண்டு ஆம்பை (ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) மாற்றி மாற்றிக் கேட்டால், கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஓடுவதுதான் நல்லதாகத் தோன்றும். விலை கூடிய பெட்டிகள் பல இப்படித்தான் ஜெயிக்கின்றன. 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு, ஒன்றில் ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே இன்னொன்றில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அளவு 1 சதவீதத்துக்குள் வந்தால் போதும்.

அப்புறம் இம்பிடன்ஸ், அதாவது ஏசி சிக்னலுக்கு ஹெட்போன் காட்டும் மின்தடை. சென்ஹைசர் எச்டி 600க்கு 300 ஓம் என்று போட்டிருக்கும், ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) பகுதியில் அது இன்னும் ஏறும், அதனால் அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்பின் சொந்தத் தடை) அதிகமுள்ள வால்வு ஆம்பில் மாட்டினால் அந்த இடம் சற்றுத் தூக்கலாகக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கும், தப்பில்லை. தட்டையான மெல்லிய படலம் அதிரும் பிளானர் வகை ஹெட்போனில் இந்த மாற்றம் அநேகமாக இருக்காது, கரண்ட்தான் நிறைய தேவைப்படும்.

கேட்டுப் பார்க்க நம்ம வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் ஒன்று போதும். குடத்து அடி தொம்மென்று விழுந்து அடங்குகிறதா, இல்லை இழுத்துக்கொண்டே போகிறதா? வில்லில் கட்டிய மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, இல்லை எல்லாம் ஒரே இரைச்சலா? கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் அல்ல, பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போனைத் தகரக் கூரை வீட்டில் ஜூன் மழையில் ஒப்பிடவே வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்றில் பிளக் கறுத்துவிடும். கரகரப்பு வந்தால் ஆம்பைத் திட்டுமுன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.