பரணில் கிடந்த பை

2025 பிப்ரவரி 17 அன்று விடியற்காலை 5.36 மணிக்குத் தில்லி குலுங்கியபோது, மயூர் விகாரில் நான்காம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் அவசரகாலப் பை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பரணில், பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் கிடந்தது. தௌலா குவான் அருகே மையம் கொண்ட அந்த நிலநடுக்கத்தின் அளவு 4.0 மட்டுமே என்பதால் பெரிய சேதமின்றித் தப்பினோம். மாலையில் பையை இறக்கி நிறுத்தபோது 16 கிலோ இருந்தது. அதில் பத்து லிட்டர் தண்ணீர். அம்மாவால் அதை அசைக்கக்கூட முடியவில்லை.

அதனை மூன்று முதுகுப் பைகளாகப் பிரித்து, வழியை மறிக்காதவாறு வாசல் அருகே வைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தண்ணீர், பொரிகடலை, டார்ச், விசில், சில்லறை நோட்டுகள், ஆதார் நகல் ஆகியவை உள்ளன. அம்மாவின் பையில் மட்டும் இரத்த அழுத்த மாத்திரைகளும், முன்பு நான் அடியோடு மறந்திருந்த மாற்றுக் கண்ணாடியும் கூடுதலாக உண்டு. உடைந்த கண்ணாடிச் சில்லுகளின் மேல் நடக்க நேரலாம் என்பதால், கட்டிலடியில் தடித்த அடியுள்ள காலணிகளை வைத்தோம்.

குலுங்கும்போது பையைத் தேடி ஓடாமல் மேசைக்கடியில் ஒடுங்குவது, நின்றபின் லிப்டைத் தவிர்த்துப் படிக்கட்டில் இறங்குவது என்று ஒத்திகையும் பார்த்தோம். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மாத்திரைகளின் காலாவதித் தேதியைச் சரிபார்ப்பது இப்போது அம்மாவின் பொறுப்பு.