சென்னை–சிங்கப்பூர்: விமான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

இதற்கு வேண்டியது சைன், காஸ் பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டர் மட்டும்தான். போனிலேயே இருக்கும், படுக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். ஊரின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள். கூகுள் மேப்ஸில் ரன்வே மீது விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். மீனம்பாக்கம்: 12.99, 80.17. சாங்கி: 1.36, 103.99. பழைய அட்லஸிலிருந்து எடுப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். 13 பாகை (டிகிரி) 5 கலை (மினிட்) என்பது 13.05 அல்ல, கலையை 60-ஆல் வகுக்க வேண்டும், ஆகவே 13.08.

அடுத்து, கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வராவிட்டால் அது ரேடியனில் (கோணத்தை அளக்கும் வேறொரு அலகு) இருக்கிறது. மாற்றாமல் மேலே போனால் விடை முழுக்கத் தப்பாகிவிடும்.

இப்போது கணக்கு:

சைன் 12.99 × சைன் 1.36 = 0.0053
தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − 80.17 = 23.82
காஸ் 12.99 × காஸ் 1.36 × காஸ் 23.82 = 0.8912
இரண்டையும் கூட்டினால் 0.8965

இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் 26.3 டிகிரி. பூமிப் பரப்பில் ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 2,925 கி.மீ. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி இதுதான். கடலிலும் வானிலும் பயன்படும் நாட்டிகல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுங்கள். 1.609 சாதாரண மைலுக்கு உரியது. இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் பிசகும்.

விமானம் இந்தக் கோட்டிலேயே பறக்காது. வான்வழிப் பாதைகள், ரன்வேயின் திசை, இறங்கும்போது போடும் வளைவு எல்லாவற்றுக்குமாக 3 சதவீதம் சேர்த்து 3,010 கி.மீ. என்று கொள்வோம். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 3.63 மணி நேரம். இதை 3 மணி 63 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள்: 0.63 × 60 = 38 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் 15 நிமிடம், இரு முனைகளிலும் தரையில் ஊர்ந்து செல்ல 25 நிமிடம். மொத்தம் சுமார் 4 மணி 18 நிமிடம்.

காற்றையும் மறக்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும். சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று. வழி முழுக்க 50 கி.மீ. வேகத்தில் எதிர்த்தால் நமது கணக்கில் வேகம் 780 ஆகும், பறக்கும் நேரம் 14 நிமிடம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

கடைசியாக டிக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். பலரும் குழம்புவது இங்கேதான். அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11:15-க்குக் கிளம்பிக் காலை 6:15-க்கு இறங்குவதாக இருந்தால் 7 மணி நேரம்போலத் தெரியும். இரண்டரையைக் கழித்தால் நாலரைதான். திரும்பும்போது கூட்ட வேண்டும்: இரவு 8:00-க்குக் கிளம்பி 9:50-க்குச் சென்னை என்றால், பயணம் 4 மணி 20 நிமிடம்.