வார்டில் வந்த நிமோனியா: முதல் ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேறு நோய்க்காகச் சேர்ந்தவருக்கு, சேர்ந்து 48 மணி நேரம் கழிந்து வரும் நிமோனியா இது. வெளியிலிருந்து வரும் நிமோனியாவுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இங்கே போதாது. ஆஸ்பத்திரிகளில் பரவும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவிடம் அது எடுபடாது. புதிதாக வார்டுக்கு வந்த பயிற்சி மருத்துவர்களுக்காக, மூச்சுக்குழாயில் ட்யூப் போடாத பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

1. நிமோனியாதானா என்று பாருங்கள். எக்ஸ்ரேயில் புது நிழல் மட்டும் போதாது. நுரையீரல் நீர்க்கோப்பிலும், சளி அடைத்து நுரையீரல் சுருங்கினாலும் அதே நிழல்தான். காய்ச்சல், சீழ்ச்சளி, வெள்ளணு மாற்றம், ஆக்ஸிஜன் குறைவு போன்ற அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும்.

2. முதல் டோஸுக்கு முன் சளியும் இரண்டு செட் ரத்தக் கல்ச்சரும் எடுங்கள். ஷாக்கில் (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த நிலையில்) இருப்பவருக்குச் சளி வரவில்லையென்று காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும்.

3. இரண்டு கேள்விகள். கடந்த 90 நாளில் ஊசிவழி ஆன்டிபயாட்டிக் போட்டார்களா? ஷாக்கோ, வென்டிலேட்டர் தேவையோ இருக்கிறதா? 2016 அமெரிக்க வழிகாட்டுதல் இவற்றை வைத்தே பிரிக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் பிப்பெராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணிக்கொரு முறை, அல்லது செஃபிபைம் 2 கிராம் 8 மணிக்கொரு முறை, ஒன்றே போதும். லிவோஃப்ளாக்சசினும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நம் நாட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது: காசநோயைச் சில நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

ஒன்று இருந்தாலும் சூடோமோனாஸுக்கு வெவ்வேறு வகையில் இரண்டு மருந்து: உதாரணமாக மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கொரு முறை, கூடவே அமிக்கசின் கிலோவுக்கு 15–20 மி.கி. தினம் ஒருமுறை. எம்ஆர்எஸ்ஏவுக்கு (மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) வான்கோமைசின் அல்லது லினிசோலிட் 600 மி.கி. 12 மணிக்கொரு முறை. மேலே கேட்ட இரண்டு ஆபத்துகளும் இல்லாதவருக்கும், உங்கள் வார்டு ஸ்டாஃபிலோகாக்கஸில் 20 சதவீதத்துக்கு மேல் எம்ஆர்எஸ்ஏ என்றால், அல்லது அந்தக் கணக்கே இல்லையென்றால், இந்த எம்ஆர்எஸ்ஏ மருந்தைச் சேர்க்க வேண்டும். டாப்டோமைசின் வேண்டாம், நுரையீரலின் காற்றறைகளில் படிந்திருக்கும் சர்ஃபாக்டன்ட் அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

இந்திய ஐசியூக்களில் மெரோபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் சாதாரணம். ஆகவே எந்த வழிகாட்டுதலையும்விட உங்கள் ஆஸ்பத்திரியின் ஆன்டிபயோகிராம்தான் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற பட்டியல்) முக்கியம். மைக்ரோபயாலஜி துறையில் கேட்டு வாங்கிவையுங்கள்.

4. கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடியிருந்தாலும் முதல் டோஸைக் குறைக்காதீர்கள், அடுத்தடுத்தவற்றைச் சரிசெய்யுங்கள். வான்கோமைசினோடு பிப்பெராசிலின்-டாசோபாக்டம் போனால் கிரியாட்டினினைத் தினமும் பாருங்கள். வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் ஆபத்து: வால்ப்ரோயேட் அளவு சரிந்து வலிப்பு வரலாம்.

5. பலரும் தவறவிடும் இடம் இது. 48–72 மணி நேரத்தில் கல்ச்சரைக் கையிலெடுத்து மருந்தைக் குறுக்குங்கள். நல்ல மாதிரியில் எம்ஆர்எஸ்ஏ வளரவில்லையா, வான்கோமைசினை நிறுத்துங்கள். சளியில் கேண்டிடா வளர்ந்ததற்காகப் பூஞ்சை மருந்து ஏற்ற வேண்டியதில்லை. நோயாளி தேறவில்லையென்றால் இன்னும் வலுவான மருந்துக்கு மாறுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள்.

தேறிவருபவருக்கு மொத்தம் 7 நாள். நிறுத்தும் தேதியை முதல் நாளே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.