ஒஸ்தியா அந்திகா: செங்கல் சுவர்களுக்கு நடுவே ஒரு பழைய ரோமானிய ஊரைப் படித்தறியும் முறை

ரோம் நகருக்குச் செல்பவர்களில் பலர், முழுமையான ரோமானிய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பொம்பேயிக்குத்தான் போயாக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். ரோமிலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில், டைபர் ஆற்றின் பழைய முகத்துவாரத்தில், ஒஸ்தியா என்ற துறைமுக நகரம் அகழ்ந்தெடுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. பொம்பேயியைப் போல இதை எரிமலைச் சாம்பல் மூடவில்லை. வணிகம் குறைந்து, மக்கள் சிறிது சிறிதாக வெளியேறிய ஊர் இது. ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து, அன்று ஊரைத் தொட்டுக்கொண்டிருந்த கடலும் இன்று சுமார் 3 கிலோமீட்டர் விலகிவிட்டது. ஆகவே, ஒரே நாளில் நின்றுபோன வாழ்க்கையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சிறு கோட்டையில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் இடித்தும் ஒட்டியும் கட்டப்பட்ட சுவர்களே இங்கே உள்ளவை. விளக்கப் பலகைகள் குறைவு என்பதால், முன்னேற்பாடு இல்லாமல் போகிறவருக்கு எல்லாம் ஒரே செங்கல்லாகத்தான் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கே இந்தச் செய்முறை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவு இலவசம் என்பதால் அன்று கூட்டம் இருக்கும். குளிர்காலத்தில் மூடும் நேரம் முன்னதாக வந்துவிடும். கடைசி நுழைவு நேரம் அதற்கும் முந்தையது என்பதால், இரண்டையும் தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கோடையில் காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. நிழல் மிகக் குறைவு.

படி 2: ரயில்

மெட்ரோ ‘பி’ தடத்தில் பிரமிதே நிறுத்தத்தில் இறங்கினால், ஒட்டியே போர்த்தா சான் பாவ்லோ ரயில் நிலையம் இருக்கும். அங்கிருந்து புறப்படும் தடத்துக்கு இப்போது ‘மெத்ரோமாரே’ என்று பெயர். பழைய பெயரான ‘ரோமா–லீதோ’ என்பதும் இன்னும் வழக்கில் உள்ளது. நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் சாதாரணச் சீட்டே இதற்கும் செல்லும். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் ‘ஒஸ்தியா அந்திகா’ என்று முழுமையாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து வரும் ‘லீதோ’ நிறுத்தங்கள் இன்றைய கடற்கரை ஊரைச் சேர்ந்தவை. கைப்பேசி வரைபடத்திலும் வெறும் ‘ஒஸ்தியா’ என்று தேடாதீர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து, நெடுஞ்சாலைக்கு மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து நேரே நடந்தால் சில நிமிடங்களில் நுழைவாயில் வந்துவிடும்.

படி 3: கதவிலக்கத்தைப் புரிந்துகொள்ளுதல்

புதிதாக வருபவர் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொல்லியலாளர்கள் ஒஸ்தியாவை 5 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் தெருக்களால் சூழப்பட்ட மனைத் தொகுதிகளுக்கு ஓர் எண். தொகுதிக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண். எனவே ஒரு கட்டடத்தின் முகவரி மூன்று எண்களால் ஆனது. எடுத்துக்காட்டாக, தியானா வீடு 1.3.3, அதாவது முதல் வட்டாரம், மூன்றாம் தொகுதி, மூன்றாம் கட்டடம். வரைபடங்களிலும் நூல்களிலும் முதல் இரண்டு எண்களை ரோமானிய எண்களில் அச்சிடுவார்கள் என்பதால், நான்கையும் ஆறையும், ஒன்பதையும் பதினொன்றையும் மாற்றிப் படித்துவிட்டு வேறு தெருவில் நின்றுகொண்டிருப்பது எளிது.

பார்க்க விரும்பும் இடங்களின் முகவரிகளை வீட்டிலேயே ஒரு தாளில் சாதாரண எண்களில் எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டியல் இது: நெப்டியூன் குளியலகம் 2.4.2, அரங்கம் 2.7.2, வணிகர் சதுக்கம் 2.7.4, மாவு அரைக்கும் ஆலை 1.3.1, தியானா வீடு 1.3.3, உணவுக்கடை 1.2.5, பொதுக் கழிப்பிடம் 1.12.1, எபகதுஸ் என்பவர் பெயரிலுள்ள பண்டகக் கிடங்கு 1.8.3, யூதத் தொழுகைக்கூடம் 4.17.1. முதல் முறை செல்பவருக்கு இவையே போதும். இதற்கு மேல் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

கருவிகளைப் பொறுத்தவரை, பெரிய தாள் வரைபடத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நல்ல வெயிலில் கைப்பேசித் திரையில் இந்தச் சிறு எண்களைப் படிப்பது வேதனை. ஒலி வழிகாட்டியை நான் பரிந்துரைப்பதில்லை: அது சொல்லும் வரிசையில் நம்மை நடத்துமே தவிர, சுவரைப் பார்க்கக் கற்றுத்தராது. சிறிய கைவிளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். மித்ரா என்ற கடவுளுக்கான வழிபாட்டறைகள் சிலவற்றில் பகலிலும் இருட்டு.

படி 4: நடக்கும் வரிசை

உள்ளே நுழைந்ததும் வரும் நேர்ப்பெருந்தெருவின் பெயர் தெகுமானுஸ் மாக்சிமுஸ். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்தத் தெருவை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பக்கங்களில் போய்விட்டு மீண்டும் இதற்கே திரும்பி வாருங்கள். முதலில் வலப்புறம் நெப்டியூன் குளியலகம். படியேறி மேல்தளத்திலிருந்து பார்த்தால், கடல்தேவன் கடற்குதிரைகளை ஓட்டும் பெரிய கறுப்பு வெள்ளைத் தரைச்சித்திரம் முழுதாகத் தெரியும். அடுத்தது அரங்கம்.

அரங்கத்தின் பின்னாலுள்ள வணிகர் சதுக்கத்துக்கு மிகுதியான நேரம் ஒதுக்குங்கள். சதுக்கத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த சிறு அறைகளின் முன்னே, தரையில் கப்பல்களும் கலங்கரை விளக்கமும் தானியம் அளக்கும் கலங்களும் சித்திரமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வட ஆப்பிரிக்காவின் சப்ராதா ஊராருடைய அறைக்கு முன் ஒரு யானை. கார்த்தேஜ், சார்தீனியாவின் கால்யாரி, காலியாவின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நர்போன் ஆகிய ஊர்களின் கப்பல் உரிமையாளர் பெயர்களும் இருக்கின்றன. ஒருபுறமிருந்து தொடங்கிச் சுற்றிலும் ஒவ்வோர் அறையாக நடந்து, எழுத்துகளைக் கூட்டிப் படியுங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயர்கள் பிடிபட்டுவிடும்.

பிறகு ஆலைத் தெருவில் திரும்பினால், எரிமலைப் பாறையில் குடைந்த பெரிய திரிகைக் கற்கள் நிற்கும் ஆலை. அருகிலேயே தியானா வீடு, அதற்குச் சற்றுத் தள்ளி உணவுக்கடை. கடையின் கல்மேடையும், பண்டங்களைத் தீட்டிய சுவர் ஓவியமும் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து நகரின் நடுச்சதுக்கமும் உயர்ந்த செங்கல் கோயிலும் கண்ணுக்குத் தெரியும்.

படி 5: சுவரையும் வாசற்படியையும் படித்தல்

டூஃபா என்ற மென்மையான எரிமலைக் கல்லின் சிறு துண்டுகளைச் சாய்வாக, வலைக்கண் வடிவில் பதித்த சுவர் பெரும்பாலும் கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. முழுக்கச் செங்கல் முகப்பு என்றால், ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் ஆட்சியையொட்டி ஊர் பெரிதும் புதிதாகக் கட்டப்பட்ட 2ஆம் நூற்றாண்டை நினைத்துக்கொள்ளலாம். செங்கல் ஒரு வரிசை, கல் ஒரு வரிசை என்று மாறி மாறி வந்தால் அது பிற்காலத்துக் கட்டுமானம் என்று கொள்ளலாம். ஒரு வாயிலைப் பிற்காலத்தில் அடைத்திருந்தால், இந்த வேறுபாட்டாலேயே அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எச்சரிக்கை: 1942இல் நடத்தத் திட்டமிட்ட உலகக் கண்காட்சிக்காக 1938 முதல் அவசரமாகத் தோண்டியபோது பல சுவர்களைச் செப்பனிட்டும் உயர்த்தியும் விட்டார்கள். மேற்பகுதி மிகவும் சீராக இருந்தால் ஐயப்படுங்கள்.

சுவரைவிட அதிகம் பேசுவது வாசற்படிக்கல். அகலமான வாயிலின் படிக்கல்லில் நீளமாக ஒரு காடி வெட்டியிருந்து, ஓர் ஓரத்தில் மட்டும் காடி நின்று, கதவின் குடுமி சுழலும் குழி இருந்தால், அது கடை. நம்மூர்ப் பழைய மளிகைக் கடைகளில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி அடைப்பது போலவே இங்கும் அடைத்தார்கள்; ஓரத்துக் கதவு, ஆள் நுழைவதற்கு. இரண்டு கடைகளுக்கு நடுவே, தெருவிலிருந்து நேரே மேலேறும் குறுகிய படிக்கட்டு தெரிந்தால், மேல்மாடிகளில் தனிக் குடித்தனங்கள் இருந்தன என்று பொருள். மாடிகள் விழுந்துவிட்டாலும் படிக்கட்டுகள் எஞ்சியுள்ளன. இந்த இரண்டையும் அறிந்துகொண்டால், பெயர்ப்பலகை இல்லாத தெருவிலும் கடைவீதி எது, குடியிருப்பு எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

படி 6: மறுமுனை

எபகதுஸ் கிடங்கின் செங்கல் வாயிலையும் அதன் மேலுள்ள சலவைக்கல் பெயர்ப்பலகையையும் பார்த்துவிட்டு, பெருந்தெரு இடப்பக்கமாக வளையும் கிளையில் கடற்பக்கம் நடந்தால், கடல்வாயிலுக்கு அப்பால் யூதத் தொழுகைக்கூடம் வரும். விமான நிலையச் சாலை போடும்போது 1961இல் இது வெளிப்பட்டது. இவ்வளவு தூரம் வருபவர்கள் குறைவு. யூதர்களின் அடையாளமான ஏழு கிளை விளக்கின் புடைப்பைத் தூணின் மேற்பகுதிக் கல்லில் தேடுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் சுட்டிக்காட்டிய மூன்று இடர்ப்பாடுகளைச் சேர்க்கிறேன். குளிர்காலத்தில் தரைச்சித்திரங்கள் சிலவற்றைப் பாதுகாப்புக்காக மூடிவைப்பதுண்டு. சித்திரங்களே உங்கள் முதன்மை நோக்கமானால் வெயில் காலத்தில் செல்லுங்கள். பெருந்தெருவின் கருங்கல் பாவு மேடுபள்ளமானது என்பதால், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு முழு ஊரையும் சுற்ற இயலாது. அரங்கம் வரை சென்று திரும்பலாம். கோடை வார இறுதிகளில் கடற்கரையிலிருந்து ரோமுக்குத் திரும்பும் ரயில்கள் மாலையில் நிரம்பி வருவதால், பிற்பகலின் நடுவிலேயே நிலையத்துக்கு வந்துவிடுவது நல்லது.